வக்கீலுக்கு நறுக்கிய கேரட்

ஞாயிறு காலை

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது தொண்டை வலி குறைந்து, தூக்கம் ஒழுங்காக வர ஆரம்பித்திருக்க வேண்டும். ஆபரேஷன் தையலைப் பிரித்தாகிவிட்டது, தண்ணீர் தடையில்லாமல் இறங்குகிறது என்று அந்த ஊர் ஆஸ்பத்திரியில் உன்னோடு இருக்கும் உன் மகள் போனில் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் ஆறு வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றாராமே டாக்டர்? உன்னைப் போய்! அந்த மனுஷருக்கு நீ யாரென்று தெரியவில்லை. பலகையில் எழுதிக் காட்டுகிறாய், எழுதுகிற வேகத்தில் சாக்பீஸ் உடைகிறது என்றும் சொன்னாள். சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன்.

போனில் அனுப்பினால் உன் மகள்தான் முதலில் படிப்பாள். நான் எழுதப்போவது பிள்ளைகள் படிக்கிற சமாச்சாரம் இல்லை. அதனால்தான் உறைக்குள் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தை நகத்தால் கீறிப் பார்த்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. நீ சொல்லிவிட்டுப் போனபடி புதனும் சனியும் ஆலையிலிருந்து நேராக உன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போகிறேன். வீடு சுத்தமாக இருக்கிறது. அளவுக்கு மீறிச் சுத்தமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் உன்னோடு குடித்தனம் நடத்தியும் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத மனுஷர் அத்தான். இப்போது சமையல் மேடை பளபளவென்று இருக்கிறது. காய் நறுக்குகிற பலகை கழுவி, நிமிர்த்தி, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. இதை யார் செய்தது என்று கேட்டேன். "நான்தாம்மா, வேற யாரு?" என்றார். "வேற யாரு" என்று நான் கேட்கவே இல்லை. அவரே ஏன் அதை எடுத்தார்?

வக்கீல் விஷயத்துக்கு வருகிறேன். பத்தொன்பது வருஷமாக உன் தோளில் உட்கார்ந்துகொண்டு ஊர் வழக்கெல்லாம் பேசின கிளி, நீ போன நாளிலிருந்து வாயையே திறக்கவில்லை. அத்தான் அதைப் பறவை டாக்டரிடம் கொண்டுபோனார். கல்லீரலில் கொழுப்பு கட்டியிருக்கிறதாம். இத்தனை வருஷம் நீ செல்லமாகக் கொடுத்த சூரியகாந்தி விதைதான் காரணமாம். விதையை ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூனாகக் குறைத்துவிட்டு, தினமும் பச்சைக் காய்கறி கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கேரட், குடைமிளகாய், பீன்ஸ், பூசணி, கீரை. வெங்காயம் ஆகாது, அவகாடோ விஷம், காயை நன்றாகக் கழுவ வேண்டும் என்றெல்லாம் எழுதின தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. உனக்கு எழுத வேண்டாம், கவலைப்படுவாய் என்றார் அத்தான். நான் எழுதிவிட்டேன். உன் கிளி, உனக்குத் தெரிய வேண்டாமா?

சாப்பிடுகிறதா என்று கேட்டால், "சூப்பரா சாப்பிடுது" என்கிறார். எனக்கு ஏனோ உதைக்கிறது. ஒன்று, கூண்டின் மேல் துணி போர்த்தியிருக்கிறார். வெளிச்சம் ஆகவில்லையாம். நான் துணியைத் தூக்கப் போனால் குறுக்கே வந்து நிற்கிறார். இரண்டு, ஃபிரிட்ஜில் ஒரு கிலோ கேரட், சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறத்தில் குடைமிளகாய். உள்ளங்கை அளவு கிளிக்கு ஒரு கிலோ கேரட்டா? நீ கெஞ்சிக் கூத்தாடினாலும் பீன்ஸைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கி வைக்கிற மனுஷர் யாருக்காக அத்தனை காய் வாங்குகிறார்?

இன்னொன்றும் பார்த்தேன். டப்பாவில் நறுக்கி வைத்திருந்த கேரட். அக்கா, எல்லாத் துண்டும் ஒரே அளவு. நான் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை பார்க்கிறவள். தையலில் ஒரு நூல் விலகினாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கண்ணை ஏமாற்ற முடியாது. பஸ் பணிமனையில் ஸ்பேனர் பிடிக்கிற கை அப்படி நறுக்காது.

அந்தக் கையையும் பார்த்தேன். நகத்தில் கறுப்பு இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எந்தச் சோப்புக்கும் போகாத கிரீஸ் இப்போது எங்கே போனது? வலது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு வேறு. கேட்டால் ஸ்பேனர் வழுக்கியதாம்.

நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. நான் இருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன்.

உன் உடம்பு தேறுவதையே எண்ணிக்கொண்டிருக்கும்
தங்கை

*

ஞாயிறு, இரண்டு வாரம் கழித்து

அன்புள்ள அக்கா,

உன் நலத்துக்கு ஒரு குறையும் வரக் கூடாது. இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். ஆலையில் மேற்பார்வையாளர் வந்து, "என்னம்மா, ஸ்டிக்கர் ஒட்டாத சட்டையையும் ஒதுக்கி வைக்கிறே?" என்று கேட்கிற அளவுக்கு யோசித்தேன். எழுதாவிட்டால் நான் உனக்குத் தங்கையே இல்லை.

போன வாரம் சனிக்கிழமை நான் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டேன். அத்தான் கதவைத் திறக்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு இருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. இரண்டு தட்டிலும் அதே பொடிப்பொடியாக நறுக்கின கேரட், குடைமிளகாய், இரண்டிலும் பாதி தின்ற மிச்சம். யார் வந்திருந்தார்கள் என்று கேட்டேன். "யாரும் வரலையே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

குளியலறையில் உன் ரோஜாப்பூ க்ரீம் பாட்டில் இருக்கிறது அல்லவா, நீ போகும்போது முக்கால் இருந்தது. இப்போது கால்கூட இல்லை. அந்த க்ரீமை அத்தான் தடவுகிறார் என்று நீ நம்புவாயா? நான் நம்பவில்லை. அதனால் ஒரு வேலை செய்தேன். திட்டாதே. உன் துணி அலமாரிக் கதவு இடுக்கில், யாருக்கும் தெரியாத உயரத்தில், என் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தேன். திறந்தால் கிழியும். புதன்கிழமை போய்ப் பார்த்தேன், கிழிந்திருந்தது. உள்ளே உன் பச்சைச் சால்வையைக் காணோம். நீ வீட்டில் எப்போதும் போர்த்திக்கொண்டு திரிவாயே, வக்கீல் நூல் நூலாக இழுத்து வைத்திருக்குமே, அதே சால்வை.

அன்றைக்கே அத்தான் சொல்கிறார், "இனிமே புதன்கிழமை வர வேணாம்மா, உனக்கும் அலைச்சல், சனிக்கிழமை மட்டும் வா போதும்" என்று. இருபது வருஷத்தில் என் அலைச்சலைப் பற்றி அவர் கவலைப்பட்டது இதுதான் முதல் தடவை.

இறங்கி வரும்போது எதிர்வீட்டுத் தையல்காரி கை காட்டிக் கூப்பிட்டாள். அவளுடைய மெஷின் ஜன்னலுக்கு நேராகத்தான் உன் வீட்டுச் சாப்பாட்டு அறை ஜன்னல். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பச்சைச் சால்வையைத் தலையோட போர்த்திக்கிட்டு ஒரு பொம்பளை உக்காந்திருக்கு. முதுகுதான் தெரியுது. மூணு மணிக்கு வருது, ஒரு மணி நேரம் இருக்குது. நேத்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டுச்சு, பொம்பளைச் சிரிப்பு. உங்க அக்கா வந்துட்டாங்களோன்னு நினைச்சேன்."

அக்கா, கணக்குப் போட்டுப் பார். மூன்று மணி என்றால் அத்தான் காலை ஷிப்ட் முடிந்து வருகிற நேரம். உன் நாற்காலியில், உன் சால்வையைப் போர்த்திக்கொண்டு, உன் க்ரீமைத் தடவிக்கொண்டு எவளோ ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரித்துவிட்டுப் போகிறாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷர் என்று அத்தானைப் பற்றி நாம் பேசிக்கொள்வோமே. எல்லாம் வேஷம்.

நான் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போவதற்கு முன்னால் மூன்று மாதம் நகத்தை ஒழுங்காக வெட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இவருக்கு இப்போதாவது சுத்தம் வந்ததே என்று பக்கத்து வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ஆறு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது. அந்த முட்டாள்தனம் உனக்கு நடக்க நான் விட மாட்டேன்.

கழுத்தில் இவ்வளவு பெரிய தழும்போடு, பேச்சில்லாமல் நீ வந்து நிற்கும்போது உன்னை அவர் எப்படிப் பார்ப்பார் என்று யோசித்துக்கொள். என் வீட்டில் உனக்கு ஒரு அறை இருக்கிறது. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

உனக்காக வயிறு எரிகிற
தங்கை

*

செவ்வாய் மாலை

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. நாலே வரி. "நான் அந்த வீட்டுக்கு வரவில்லை. மகளோடு இந்த ஊரிலேயே இருந்துவிடுகிறேன். அவரை வர வேண்டாம் என்று அவளை விட்டே சொல்லச் சொல்லிவிட்டேன். வக்கீலை நீ எடுத்துக்கொள்." கையெழுத்துகூடக் கோணலாக இருந்தது. உன் கையெழுத்து இப்படி இருக்காது.

நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நாலு வரியையும் படித்துவிட்டு என்னால் சாப்பிட முடியவில்லை.

ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாளைக்கு யாராவது உன்னிடம், "பார்த்தியா, கேட்டியா?" என்று கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். பின்வாசல் சாவி என்னிடம் இருப்பது அத்தானுக்குத் தெரியாது. மூன்றரை மணிக்குப் போய்க் கையும் களவுமாகப் பிடித்து, அவள் யார், எந்தத் தெரு என்று கேட்டு எழுதுகிறேன். வக்கீலையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

தைரியமாக இரு.

தங்கை

*

சனி காலை

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கோபம் வந்தால் பாதியில் வைத்துவிடாதே, கடைசி வரைக்கும் படி. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு அறையில் தையல்காரி சொன்னது அப்படியே இருந்தது. இரண்டு தட்டு. பச்சைச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கறுக் கறுக்கென்று எதையோ கடிக்கிற சத்தம். எனக்குக் கண்ணே தெரியவில்லை. "யாருடி நீ, எங்க அக்கா வீட்டுல?" என்று கத்திக்கொண்டே பாய்ந்து போய்ச் சால்வையைப் பிடித்து இழுத்தேன்.

அந்தப் பொம்பளை திரும்பினாள். மீசை இருந்தது.

அக்கா, அது அத்தான். வாய் நிறையக் கேரட். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் என்னைப் பார்க்கிறார். அப்போதும் அவர் ஏன் வந்தாய், எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. "மெதுவாம்மா, மெதுவா, அது பயந்துடும்" என்றார். எதிர் நாற்காலியின் முதுகில் வக்கீல் உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டு, அதன் காலில் ஒரு பீன்ஸ் துண்டு.

அப்படியும் மனசு ஆறாமல் நான் படுக்கையறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய சூட்கேஸ்தான் இருந்தது.

வக்கீலின் மார்பில் ஒரு கைப்பிடி இடத்துக்கு இறகே இல்லை. நீ போனதிலிருந்து அதுவே பிடுங்கிக்கொண்டதாம். துணி போர்த்தியதெல்லாம் நான் அதைப் பார்த்துவிட்டு உனக்கு எழுதிவிடக் கூடாது என்பதற்காக. காய் எதையும் அது தொடவில்லையாம். கேரட்டைத் தூக்கி எறிந்ததாம், கீரையைக் கூண்டுக்கு வெளியே தள்ளியதாம். அந்த ஒரு ஸ்பூன் விதையையும் பாதி வைத்துவிட்டு, எடை நாளுக்கு நாள் இறங்கியதாம். இப்படியே போனால் இன்னும் பத்து நாள் தாங்குவதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தான் கையால் ஊட்டப் போனார். இரண்டு விரலையும் ரத்தம் வரக் கடித்துவிட்டது. அதுதான் ஸ்பேனர் வழுக்கின கதை.

மறுபடி டாக்டரிடம் ஓடியிருக்கிறார். அவர் சொன்னதை அத்தான் எனக்கு ஒப்பித்தார். "இது கூட்டமா வாழ்ற பறவையாம்மா. தெரியாத தீனின்னா அதுக்குச் சந்தேகமாம். எதிர்ல தன்னோட ஆள் ஒண்ணு உக்காந்து அதையே தின்னு காட்டினாத்தான், சரி, இது ஒண்ணும் பண்ணாதுன்னு நம்பி வாய் வைக்குமாம். அதோட ஆளுன்னா உங்க அக்காதானே? நான் எங்கே அதுக்கு ஆளு?"

அதனால்தான் உன் சால்வை. அதனால்தான் கையில் உன் க்ரீம், உன் வாசனை வேண்டும் என்று. கிரீஸ் நாற்றம் அடித்தால் கிட்ட வராது என்று பணிமனையிலிருந்து வந்ததும் பழைய பிரஷ்ஷை வைத்து அரை மணி நேரம் நகத்தைத் தேய்க்கிறார். பெரிய துண்டாக இருந்தால் எறிந்துவிடும் என்று ஸ்கேல் வைத்து நறுக்கிப் பழகியிருக்கிறார். நான் சிரிக்கவில்லை, அந்த ஸ்கேலை என் கண்ணால் பார்த்தேன், பலகைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் மூன்று மணிக்கு உட்கார்ந்து, பச்சைப் பீன்ஸைக் கடித்து, "ம்ம்" என்று ருசிக்கிற மாதிரி சத்தம் போடுகிறார். பீன்ஸை ஓரத்தில் அடுக்கி வைக்கிற மனுஷர். முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் உனக்குத் தெரியும், இன்னும் பிடிக்கவில்லை. ஒரு கிலோ கேரட்டில் முக்கால் கிலோ அவர் வயிற்றுக்குள்தான் போகிறது.

பதினோராம் நாள் வக்கீல் ஒரு துண்டுக் குடைமிளகாய் தின்றதாம். சிவப்பு. தின்றுவிட்டு அன்றைக்கே முதல் தடவையாக வாயைத் திறந்து சிரித்ததாம். என் எதிரிலும் சிரித்தது அக்கா. உன் சிரிப்பு. நீ மூக்கால் இழுத்து முடிப்பாயே, அது உட்பட. தையல்காரி கேட்டது அதைத்தான். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "அவளுக்குக் குரல் எப்படி வருமோ தெரியலைம்மா. ஆஸ்பத்திரி டாக்டரே சொல்ல மாட்டேங்கிறாரு. இதுவும் செத்துப் போச்சுன்னா அந்தச் சிரிப்பும் போயிடும்ல?"

சால்வை விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். பணிமனைக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமாம். சத்தியத்தை இதோ உடைத்துவிட்டேன். தையல்காரியிடம் மட்டும், பச்சைச் சால்வையோடு வந்து உட்கார்ந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். இப்போது அவள் என்னையும் அத்தானையும் ஒரு மாதிரி பார்க்கிறாள். பார்க்கட்டும், எனக்கு இது வேண்டியதுதான்.

இனிமேல் எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம். நான் கிளம்பும்போது அத்தான் வாசல் வரைக்கும் வந்தார். "உங்க அக்கா என்னை வர வேணாம்னு சொல்லச் சொன்னாளாம். பொண்ணு போன்ல சொன்னா. ஏன்னு கேட்டா அவளுக்கும் தெரியலை. நான் என்னம்மா தப்பு பண்ணேன்? விதையைக் குறைச்சது தெரிஞ்சுபோச்சா? கிளியை நான் பட்டினி போடுறேன்னு நினைச்சுட்டாளா?" என்று கேட்டார். அக்கா, அவர் யோசித்துப் பார்த்ததில் அவருக்குத் தட்டுப்பட்ட ஒரே குற்றம் அதுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலையே அத்தான்" என்றேன். கண்ணைப் பார்த்துச் சொன்னேன். 

உன்னிடமாவது முழுசாகச் சொல்கிறேன். அந்தச் சாப்பாட்டு அறையில் உன் வாழ்க்கைக்கு ஒரு குறையும் இல்லை என்று தெரிந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பொறாமை. எனக்காக எந்த மனுஷரும் இப்படிக் கோமாளியாக உட்கார்ந்து பச்சைக் காயைக் கடித்ததில்லை. சந்தோஷம் அப்புறம்தான் வந்தது. நான் உன்னைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். பாதி அதுதான். மீதிப் பாதி, நீயும் என்னை மாதிரி ஆகிவிட்டால் எனக்குத் துணை கிடைக்கும் என்ற நினைப்பு. நான் அதை எழுதும்போது எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது.

எல்லாவற்றையும்விட, உன் கழுத்துத் தழும்பைப் பற்றி ஒரு வரி எழுதினேனே, அதை எந்தத் தண்ணீர் ஊற்றி அழிப்பேன்? கண்ணாடி பார்க்கிறபோதெல்லாம் உனக்கு அந்த வரி ஞாபகம் வருமே. அத்தான் உன் தழும்பைப் பற்றி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சால்வையின் நூல் அதில் உராயுமா, அதைவிட மெல்லிசாக ஒன்று வாங்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். நானும் அவரும் நேற்றுக் கடைக்குப் போய், பருத்தியில் ஒன்று எடுத்தோம். பச்சைதான்.

வர வேண்டாம் என்று நீ சொல்லியும் அவர் வருகிறார். வருகிற வியாழக்கிழமை ரயில். "திட்டுறதுன்னா நேர்ல எழுதிக் காட்டித் திட்டட்டும்" என்கிறார். அவர் திரும்பி வருகிற வரைக்கும் நான் உன் வீட்டிலேயே தங்கி வக்கீலுக்கு எதிரில் உட்கார்ந்து கேரட் தின்னப் போகிறேன். கீரையைக் கழுவுவது எப்படி, துண்டு எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்கேலையும் கொடுத்தார்.

நான் எழுதின கடிதங்களைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், "பரவாயில்லைம்மா" என்பார். அதை என்னால் தாங்க முடியாது. சொல்வதும் விடுவதும் உன் இஷ்டம். கிழித்துப் போடச் சொன்னேனே, கிழிக்காமல் வைத்திருந்தால் அவரிடமே காட்டினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை, பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வந்துவிடுவார். காவலாளி உள்ளே அனுமதி கேட்டு ஆள் அனுப்புவான். நீ வேண்டாம் என்று தலையை ஆட்டினால் போதும், அவர் மறு பேச்சுப் பேசாமல் திரும்பிவிடுவார். உனக்கே தெரியும், அவர் சண்டை போடுகிற ஆள் இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அக்கா, வரச் சொல்லு. பலகையில் ஒரே ஒரு வார்த்தை, "வாங்க" என்று எழுதி அனுப்பு. என்னை உன் வீட்டுப் பக்கம் வராதே என்று சொன்னாலும் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறேன், ஏனென்று கேட்க மாட்டேன். அவரை மட்டும் வெயிலில் நிற்க வைக்காதே.

இன்னும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்றால்,
உன் தங்கை